லைட் பாக்ஸுக்கு எந்த டியூப்: கடை டியூபா, கம்பெனி டியூபா, எல்இடியா?

துணியின் நிறத்தைப் பல வகை வெளிச்சங்களில், சுவிட்சுக்கு ஒன்றாக, ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டிதான் லைட் பாக்ஸ். டையிங் லேபில் அதன் டியூபை மாற்றும் நாள் வந்தால் முதலாளி கேட்பது ஒன்றுதான்: "கடையில கெடைக்கிற டியூபை வாங்கிப் போட்டா என்ன?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டடி, 18 வாட், அதே ஹோல்டர், அதே சோக். ஆனால் லைட் பாக்ஸ் கம்பெனிக்காரர் சொல்லும் விலை பல மடங்கு. திருப்பூரில் ஷேட் பார்த்தே பிழைப்பவன் என்ற முறையில் நான் சொல்வேன்: சில சுவிட்சுக்குக் கடை டியூபே போதும், சிலவற்றுக்குக் கூடவே கூடாது.

கூடாது என்பதில் முதல் இடம் டி65-க்கு, அதாவது பகல் வெளிச்ச சுவிட்சுக்கு. கடையில் 'கூல் டேலைட்' என்று தருவது 865. முதல் எண் 8 என்றால் நிறம் காட்டும் திறன் எண்பதுகளில். 65 என்றால் 6500 கெல்வின். வெள்ளைத் தாளைக் காட்டினால் பகல் வெளிச்சம் போலவேதான் தெரியும். ஆனால் அந்த வெளிச்சம் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று குறுகிய பட்டைகளில் குவிந்திருக்கிறது, நடுவே பள்ளங்கள். லேப் டிப்பும் (லேபில் சாயமிட்ட மாதிரித் துண்டு) பல்க்கும் (மொத்தமாகச் சாயமிட்ட துணி) வேறு வேறு சாயக் கலவையில் போட்டிருந்தால், அந்தப் பள்ளத்தில் விழும் வித்தியாசம் கண்ணுக்கே வராது. ஒரு தடவை ஆலிவ் ஷேட் ஒன்றை 865-க்குக் கீழே வைத்து "மேட்ச்" என்று கையெழுத்துப் போட்டேன். டீ குடிக்க வெளியே வந்தபோது கையில் இருந்த இரண்டு துண்டையும் வெயிலில் பிடித்தேன். ஒன்று ஆலிவ், மற்றது காய்ந்த சாணி நிறம். அன்றிலிருந்து டி65-க்கு லைட் பாக்ஸ் கம்பெனி டியூப், இல்லையென்றால் குறைந்தது 965. அதற்குக் கீழே இறங்குவதில்லை.

டிஎல்84 கதை நேர் எதிர். அது ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சம். மூன்று பட்டை டியூபேதான், 4000 கெல்வின். நல்ல கம்பெனியின் 840 டியூப் அதற்கு மிக நெருக்கம். இதற்கும் கம்பெனி விலை கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண். அமெரிக்க பையருக்கான சிடபிள்யூஎஃப்-க்கு (கூல் ஒயிட் ஃபுளோரசன்ட்) மட்டும் 840 போட்டுவிடாதீர்கள். அது பழைய வகை பாஸ்பர் (டியூபின் உள்ளே வெளிச்சம் தரும் பூச்சு), வேறு சங்கதி.

ஏ லைட்டுக்கு, அதாவது பழைய இழை விளக்கின் வெளிச்சத்துக்கு, குண்டு பல்பு போதும். 'பார்க்க அதே மாதிரி' என்று எல்இடி ஃபிலமென்ட் பல்பு கொடுப்பார்கள், வேண்டாம். ஏ வெளிச்சத்தின் உயிரே சிவப்புப் பக்கம் நீளும் வால்தான்; எல்இடியில் அது பாதியில் நின்றுவிடும். நேவி சிவப்படிப்பதைக் கண்டுபிடிக்கத்தானே அந்த சுவிட்சையே போடுகிறோம்?

யூவி (புற ஊதா) டியூபில் விலையை விட ஆபத்துதான் பேச வேண்டியது. நமக்கு வேண்டியது கருநீலக் கண்ணாடி போட்ட பிஎல்பி (பிளாக் லைட் புளூ), 365 நானோமீட்டர் பக்கம். கொசு, ஈ பிடிக்கும் பெட்டியில் வரும் வெள்ளைக் கண்ணாடி டியூபும் அதே புற ஊதாவைத்தான் தரும். கூடவே கண்ணுக்குத் தெரியும் நீலமும் கசிவதால், துணி தானாக மின்னுகிறதா, நீலம் பட்டுத் தெரிகிறதா என்று பிரிக்க முடியாது. பளிங்கு போலத் தெளிந்த கண்ணாடியில் ஒரு டியூப் வந்தால் தொடவே வேண்டாம். அது 254 நானோமீட்டர் கிருமிநாசினி விளக்கு. அதே ஹோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

இனி எல்இடி. சாதாரண எல்இடி டியூப், நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அதில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. டி65 வரையறையிலோ புற ஊதாவும் உண்டு. அதனால் பிரைட்னர் (புற ஊதா பட்டால் மின்னும் வெண்மை மருந்து) போட்ட ஃபுல் ஒயிட் துணி எல்இடிக்குக் கீழே சோர்ந்து, ஹாஃப் ஒயிட்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி கிடக்கும். பல நிறச் சில்லுகளோடு யூவி சில்லும் சேர்த்துக் கட்டிய எல்இடி லைட் பாக்ஸ் இருக்கிறது, அது வேறு. ஆனால் அதற்குப் பெட்டியையே மாற்ற வேண்டும். பையரின் கடையே எல்இடிக்கு மாறிவிட்டால் டி65-ஐ எடுக்காதீர்கள், எல்இடியைக் கூடுதல் சுவிட்சாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த எல்இடி என்று பையரிடம் எழுத்தில் வாங்குங்கள். உலக வெளிச்ச ஆணையமான சிஐஇ 2018-லேயே எல்இடிக்கென்று தனி வரையறைகள் தந்துவிட்டது.

எல்இடியைத் தள்ளிப்போடவும் ரொம்ப நாள் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட்டிலேயே பொது உபயோக டி8 டியூப்களை (நம் பெட்டியில் போடும் அதே தடிமன்) சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2027-ஐக் கெடுவாக வைத்திருக்கின்றன. நான் 840 ஒரு பெட்டி வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

எதை வாங்கினாலும் டி65 ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புது டியூபை நூறு மணி நேரம் எரியவிட்ட பிறகே ஷேட் பாருங்கள். மாட்டிய தேதியை முனையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். 2000 மணி நேரம் ஆனதும் கழற்றும்போது அது நன்றாக எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் நிறம் பார்க்க அதை இனி நம்ப முடியாது. உடனே செக்கிங் டேபிளுக்குக் கொடுங்கள் என்று ஆள் வந்து நிற்பார். கேன்டீனுக்குக் கொடுங்கள்.