வளையத்தில் கட்டிய கயிறு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சிறு படகொன்றின் நங்கூரக் கயிற்றை ஆறு ஆண்டுகளாக நானே கட்டி வருகிறேன். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள முப்புரி நைலான் கயிறு, நங்கூரத்தோடு இணைந்த குட்டைச் சங்கிலியின் முனை வளையத்தில் கட்டப்படுகிறது. எந்த முடிச்சு அதிக வலுவுள்ளது என்ற கேள்வியோடுதான் தொடங்கினேன். கயிறு தளர்ந்திருக்கும்போது முடிச்சு என்ன செய்கிறது என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்று புரிய ஓராண்டு ஆயிற்று.

முதல் ஆண்டு முழுவதும், கயிற்று முனையில் சுருங்காத கண்ணி அமைக்கும் போலைன் முடிச்சையே நம்பியிருந்தேன். எவ்வளவு இழுபட்டாலும் பின்னர் எளிதாக அவிழும் என்பது அதன் பெரிய நிறை. ஆனால் அலை படகைத் தூக்கும்போது கயிறு விறைத்து, இறங்கும்போது தளர்ந்து, இரவெல்லாம் இப்படியே மாறி மாறி நிகழ்வதால், உப்பேறி முரடான நைலானில் அந்த முடிச்சு சிறிது சிறிதாக நெகிழ்கிறது. ஒரு காலையில் நங்கூரத்தை ஏற்றிப் பார்த்தபோது, ஒரு சாண் விட்டிருந்த மிச்ச முனை இரண்டு விரற்கடையாகக் குறைந்திருந்தது. மேலும், அதன் கண்ணி வளையத்தைத் தளர்வாக ஒரே சுற்றில் பிடிப்பதால் அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டே இருந்து, உரசிய இடத்தில் இழைகள் பஞ்சுபோல் எழுந்துவிட்டன.

அதன்பின் நங்கூர முடிச்சுக்கு மாறினேன். முனையை வளையத்தினுள் இருமுறை சுற்றி, சுமை தாங்கும் கயிற்றின் பின்புறமாகக் கொண்டுவந்து, அந்த இரு சுற்றுகளுக்கும் அடியில் நுழைத்து இறுக்க வேண்டும். பிறகு சுமைக் கயிற்றின் மீது இன்னோர் அரை முடிச்சு. இழுவை கூடும்போது சுற்றுகள் உள்ளே நுழைந்த முனையை வளையத்தோடு சேர்த்து அழுத்துவதால், தளரும் நேரத்திலும் பிடி எளிதில் விடுவதில்லை. உராய்வும் இரு சுற்றுகளில் பகிரப்படுகிறது. மிச்ச முனையைக் கயிற்றுத் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கேனும் விட்டு, மெல்லிய நூலால் சுமைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். இந்த நூல்கட்டைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் பலர். நானும் ஒரு பருவம் தவிர்த்தேன், நிம்மதியாகத் தூங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பலத்த காற்றில் இழுபட்ட பிறகு ஈர நைலானில் இது இறுகிவிடும். அவிழ்க்க முள்ளாணி என்னும் கூர்முனைக் கருவி தேவைப்படும். எனவே அடிக்கடி கழற்ற வேண்டிய இடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கரையில் உள்ள வளையத்தில் படகைக் கட்டும்போது, ஒன்றரைச் சுற்றும் இரண்டு அரை முடிச்சுகளுமே போதும். படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அதனை அவிழ்க்கலாம். போலைனில் அது இயலாது.

எந்த முடிச்சும் கயிற்றின் வலுவில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், ஏனெனில் கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்புற இழைகளே பெருமளவு சுமையைத் தாங்குகின்றன. திம்பிள் (கண்ணியின் உட்புறம் தேயாமல் காக்கும் பள்ளமுள்ள வளையம்) வைத்துப் புரிகளைப் பின்னிச் செய்யும் கண்ணியில் இந்த இழப்பு மிகக் குறைவு. நிலையாக விட்டுவிடும் கயிறென்றால் அதுவே மேல். ஆனால் தேய்ந்தால் கடலில் வைத்துப் புதிதாகப் பின்னுவது எளிதல்ல. டைனீமா என்னும் வழுவழுப்பான செயற்கை இழைக் கயிற்றிலோ எனக்குப் பின்னலைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அதில் நான் போட்ட நங்கூர முடிச்சு, நூல்கட்டு இருந்தும், கையால் இழுத்த சோதனையிலேயே வழுக்கத் தொடங்கியது.

நைலானில் முடிச்சையே வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம், தேய்மானம் கண்ணுக்குத் தெரிவதுதான். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் முடிச்சிருந்த பகுதியை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வெட்டி எறிந்து, முனையைச் சுட்டு உருக்கி, மீண்டும் கட்டுகிறேன். அந்தக் கயிறு இப்போது ஒன்றரை மீட்டர் குறைந்திருக்கிறது.