கோஜெனரேஷன் யூனிட்: வெந்நீர்ச் செலவு உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம்

எங்கள் லாண்டரியில் எரிவாயுவில் ஓடும் கோஜெனரேஷன் யூனிட் போட்டு 2 வருடம் ஆகிறது. கரண்டும் வெந்நீரும் ஒரே மெஷினிலிருந்து. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் முதல் ஆறு மாதம் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அதை எந்த ஜெனரேட்டரும் செய்யும். இதில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடும், 400 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு வெளியேறும் புகையின் சூடும் வெப்பப் பரிமாற்றி வழியாக நம் வெந்நீர் லைனுக்கே வந்துவிடுகின்றன. எரிவாயுவின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகும், ஆனால் வெந்நீரையும் சேர்த்தால் 80 சதவீதம் வரை பயனுக்கு வரும். யோசனை ஒன்றும் புதிது இல்லை, 1882-இல் தொடங்கிய எடிசனின் பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையமே பக்கத்துக் கட்டடங்களுக்கு நீராவி கொடுத்தது.

சரி, பாடு என்னவென்றால், விற்றவர்கள் எங்கள் கரண்ட் பில்லை மட்டும் பார்த்து சைஸ் சொல்லிவிட்டார்கள். காலையில் வெளுக்கும்போது பிரச்சினை இல்லை. மதியம் துணி குறைந்ததும் வெந்நீரை இழுக்க ஆள் இல்லாமல், திரும்பி வரும் தண்ணீரே 70 டிகிரியைத் தாண்டி, அதை வைத்து இன்ஜினைக் குளிர்விக்க முடியாமல் மெஷின் டிரிப் ஆகும். அதைத் தடுக்க ஒரு ரேடியேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள், அதன் ஃபேன் பின்சுவரில் அனல் காற்றாக ஊதித் தள்ளும்போதெல்லாம் வயிறு எரியும், ஏனென்றால் அந்த அனல் நாம் காசு கொடுத்து வாங்கிய எரிவாயு. கடைசியில் பெரிய வெந்நீர் டேங்க் ஒன்று வைத்த பிறகுதான் சரியானது. மதியச் சூடு அதில் சேர்ந்து, மறுநாள் முதல் லோடுக்குத் தயாராக நிற்கிறது. ரேடியேட்டர் ஓடி மாதக்கணக்காகிறது, பழைய பாய்லரையும் எப்போதாவதுதான் பற்றவைக்கிறோம்.

அதனால் உங்கள் வெந்நீர்த் தேவையை மணிக்கு மணி குறித்துக்கொண்டு, அதில் எப்போதும் குறையாத அளவுக்கு மட்டும் மெஷின் கேளுங்கள். கரண்ட் போதாவிட்டால் லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சிய சூட்டை என்ன செய்வீர்கள்? நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வெந்நீர் வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம்.

அப்புறம் ஒன்று, லைன் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் மாடல்கள் உண்டு. தனியாக ஓடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் ஓடிய மணிக்கணக்குப்படி மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.