பேக்ஃப்ளோ டெஸ்ட் என்று லெட்டர் வந்தால் உடனே போன் போடாதீர்கள்: 1,140 டாலர் போச்சு

டெக்சஸில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் புல்தரைக்கு ஸ்பிரிங்க்லர் போட்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். 1,140 டாலர். பேக்ஃப்ளோ டெஸ்ட், அதாவது ஸ்பிரிங்க்லர் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கருவியைச் சோதிப்பது, என்று என் வீட்டுக்கு வந்து, "ஃபெயில் சார், புதுசுதான் போடணும்" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே கார்டைத் தேய்த்து வாங்கிப்போன தொகை. பில்லில் மூன்று வரி. டெஸ்ட் 75, புதுக் கருவியும் கூலியும் 980, "சிட்டி ஃபைலிங்" (நகராட்சியில் ரிப்போர்ட் தாக்கல் செய்ய) 85. மூன்றில் ஒன்றுகூட நியாயம் கிடையாது. பாங்கில் டிஸ்ப்யூட் ஓடிக்கொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. வீட்டுக்கு வீடு லெட்டர் போட்டு ஆள் பிடிக்கும் டெஸ்டிங் கம்பெனி, அவ்வளவு போதும்.

முதலில் அந்த லெட்டர். பார்த்தால் நகராட்சி தண்ணீர் இலாகா அனுப்பியதுபோலவே இருக்கும். நீலத்தில் நீர்த்துளிச் சின்னம், சிவப்பில் "இறுதி அறிவிப்பு", கெடு தாண்டினால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்ற மிரட்டல். கீழ் மூலையில் எறும்பு ஊர்கிற எழுத்தில், இது அரசு நிறுவனம் அனுப்பியது அல்ல என்று ஒரு வரி. லெட்டரில் போட்டிருக்கும் "கணக்கு எண்" தண்ணீர் பில்லில் இருக்கும் எண்ணே அல்ல, அவர்களே போட்டுக்கொண்ட எண்.

விதி பொய் இல்லை, அதுதான் இவர்களுக்கு வசதி. மெயின் லைனில் உடைப்பு வந்து பிரஷர் விழுந்தால், புல்தரையில் தேங்கிய உரத்தண்ணீரும் நாய் அசிங்கமும் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம். 2016 டிசம்பரில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்தில் ஒரு தொழிற்பேட்டைப் பக்கம் தாருக்குப் போடும் ரசாயனம் பின்னோட்டமாகக் குடிநீரில் கலந்ததாகச் சந்தேகம் வந்து, ஊரில் யாரும் குழாய்த் தண்ணீரைத் தொடக்கூடாது என்று அறிவித்தார்கள். அதனால் தடுப்புக் கருவி வேண்டும், டெஸ்டும் வேண்டும். ஆனால் எப்போது வேண்டும்? மாநில விதிப்படி புதிதாகப் பொருத்தும்போது எல்லாக் கருவிக்கும் டெஸ்ட் உண்டு. வருஷா வருஷம் கட்டாயம் என்பது உடல்நலத்துக்கு ஆபத்தான இணைப்புகளுக்கு. வீட்டைப் பொறுத்தவரை, மனையில் செப்டிக் சிஸ்டம் இருந்தால், அல்லது ஸ்பிரிங்க்லர் லைனிலேயே உரமோ மருந்தோ கலந்து விட்டால். நகராட்சி இதைவிடக் கடுமையாக விதி போடலாம், பல ஊர்களில் போட்டும் இருக்கிறார்கள். என் வீடு இருக்கும் ஊரில் போடவில்லை. செப்டிக்கும் இல்லை, உரக் கலவையும் இல்லை. ஆக, அந்த 75 டாலர் டெஸ்டே தேவையில்லாதது.

இப்போது அந்த "ஃபெயில்". மீட்டருக்குப் பக்கத்தில் பச்சை மூடி போட்ட பெட்டிக்குள் இருப்பது டபுள் செக் என்ற ஓர் அங்குலத் தடுப்புக் கருவி. முன்னும் பின்னும் ஒரு ஷட்-ஆஃப் வால்வு, நடுவில் தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும், ஸ்பிரிங் வைத்த இரண்டு செக் வால்வு, மேலே கேஜை மாட்டிப் பார்க்க நான்கு டெஸ்ட் காக் (சின்னத் திருகு வால்வு). இரண்டு ஹோஸ் வைத்துப் பார்க்கும் முறையில், டெஸ்ட் காக்குகளைத் திறந்து அழுக்கைக் கழுவிவிட்டு, பிரஷர் வித்தியாசம் காட்டும் கேஜின் ஹை ஹோஸை இரண்டாம் காக்கிலும் லோ ஹோஸை மூன்றாம் காக்கிலும் மாட்டி, காற்றை வெளியேற்றி, பின்பக்க ஷட்-ஆஃபை மூட வேண்டும். முள் 1.0 பிஎஸ்ஐக்கு (பிரஷர் அளவு) குறையாமல் நின்றால் முதல் செக் பாஸ். அப்புறம் ஹோஸை மூன்றுக்கும் நான்குக்கும் மாற்றி இரண்டாவது செக்.

வந்த ஆள் பெட்டியைத் திறந்தார், மாட்டினார், கேஜைக் கையில் பிடித்து நீட்டினார். "பாருங்க சார், ஜீரோ." முள் ஜீரோவில்தான் இருந்தது. கண் முன்னால் கருவி காட்டுகிற எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? நம்ப வைத்தது அந்த முள்தான். அவர் காட்டாதது, கேஜில் பைபாஸ் குமிழ் திறந்தபடி இருந்ததை. ஹை, லோ, பைபாஸ் மூன்றும் திறந்திருந்தால் இரண்டு பக்கப் பிரஷரும் கேஜுக்குள்ளேயே சமமாகிவிடும். கடையிலிருந்து வந்த புத்தம் புதுக் கருவியில் மாட்டினாலும் ஜீரோதான் காட்டும்! அன்று எடுத்த போட்டோவில் குமிழ் நிற்கிற நிலை தெளிவாகத் தெரிகிறது. உரிமம் உள்ள வேறொரு டெஸ்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டார்.

சரி, நிஜமாகவே ஃபெயில் என்றே வைத்துக்கொள்வோம். டபுள் செக் பிடிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் வால்வு வந்து அமரும் சீட்டில் சிக்கிய மணல், பிவிசி குழாய் அறுத்த துருவல், டெஃப்லான் டேப் துணுக்கு. மூடியைக் கழற்றி, செக்கை வெளியே எடுத்து, சீட்டைத் துடைத்து, ரப்பர் டிஸ்கில் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். சில மாடல்களில் டிஸ்கைத் திருப்பிப் போட்டாலே போதும். ரப்பர் கிட்டின் விலை புதுக் கருவி விலையில் ஒரு சின்னப் பங்கு. மொத்தமாக மாற்றியே தீர வேண்டும் என்பது 2021 பிப்ரவரி மாதிரி உறைபனியில் பித்தளை உடல் வெடித்தாலோ, தனியாக மாற்ற முடியாத சீட் அரித்துப்போனாலோதான். இந்த ஆள் மூடியின் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. நேரே ரம்பத்தை எடுத்தார். பழைய கருவியை வண்டியில் போட்டுக்கொண்டு போயும் விட்டார். ஆதாரம் போச்சு.

கொடுமை இனிமேல்தான். பழையது இருந்தவரை நகராட்சி எதுவும் கேட்கவில்லை. மாற்றியதால் அது புதுப் பொருத்தல் ஆகிவிட்டது, புதுப் பொருத்தலுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கட்டாயம். இப்போது நிஜமான நகராட்சியிடமிருந்து நிஜமான நோட்டீஸ் வந்திருக்கிறது. 85 டாலர் வாங்கிய "ஃபைலிங்" திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. காரணம், ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் கேஜ் சரிபார்ப்புத் தேதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. போதாததற்கு சீரியல் நம்பரும் பெட்டிக்குள் இருக்கும் கருவியின் நம்பர் அல்ல. முதல் செக் 2.0, இரண்டாவது செக் 2.0 என்று அச்சடித்த மாதிரி ரீடிங் வேறு. அதாவது 1,140 டாலர் கொடுத்து, இல்லாத கெடு ஒன்றை விலைக்கு வாங்கியாயிற்று.

கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் "டிஸ்பாட்ச்லேர்ந்து கூப்பிடுவாங்க". அப்புறம் "அந்த டெக்னீஷியன் இப்ப எங்ககிட்ட இல்லை". அப்புறம் "ரிப்போர்ட் ரிஜெக்ட் ஆனது சிட்டி போர்ட்டல் பிரச்சினை, நீங்களே பேசிக்குங்க". பழைய கருவி எங்கே என்றால் "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு". கடைசியாக ஒரு மேனேஜர் பெருந்தன்மையோடு 50 டாலர் கூப்பன் அனுப்பினார். அடுத்த டெஸ்டுக்காம்! இன்னொரு தடவை வேறு அவர்கள் ஆளை உள்ளே விட வேண்டுமாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். லெட்டரில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், தண்ணீர் பில்லில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, இந்த முகவரிக்கு டெஸ்ட் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் வந்தால் பெட்டியைத் திறக்கும் முன்பே லைசென்ஸ் எண்ணை வாங்கி, மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். கேஜ் சரிபார்ப்புச் சான்றிதழில் தேதி பாருங்கள். ஃபெயில் என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பைபாஸ் மூடியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு முள்ளைப் பாருங்கள். டெஸ்டர் லைசென்ஸ் இருந்தால் டெஸ்டும் ரிப்பேரும் செய்யலாம், ஆனால் புதுக் கருவி பொருத்த பிளம்பர் அல்லது இரிகேட்டர் (ஸ்பிரிங்க்லர் அமைப்பவர்) லைசென்ஸ் வேண்டும், பல ஊர்களில் பெர்மிட்டும் வேண்டும். பழைய கருவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

ரிப்போர்ட் நகல் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 1,140 டாலரில் எவ்வளவு திரும்பும் என்று தெரியாது. லைசென்ஸ் எண்ணோடு ஆணையத்துக்குப் புகார் போயாயிற்று, நகராட்சிக் கெடுவுக்குள் வேறு டெஸ்டரை வைத்து இன்னொரு டெஸ்ட் எடுத்தாக வேண்டும், அதற்கு வேறு தனியாகக் காசு.