க்ரோவ் ஜிஎஸ்ஆர் சென்சார்: ஆளுமை ஆய்வுக்குத் தேறுமா?

இரண்டு விரலில் மாட்டி, வியர்வையோடு மாறும் தோலின் மின்கடத்துதிறனை (ஜிஎஸ்ஆர் என்பது இதைத்தான்) அளக்கும் சின்ன போர்டு இது. திடீர்ச் சத்தத்துக்கு உடல் எப்படித் துள்ளுகிறது என்று வகுப்பில் காட்ட நன்றாகவே உதவும். மாட்டியவர் அகமுகரா (தனிமை நாடுபவர்) புறமுகரா (கலகலப்பை நாடுபவர்) என்று கண்டுபிடிக்க வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்ததும், விரலுறையை யாரும் அணியாதபோது ரீடிங் 512 வரும்வரை போர்டிலுள்ள திருகைத் திருப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற கணக்கெல்லாம் பிழை. தயாரிப்பாளர் தரும் சூத்திரம் மின்தடையைத்தான் தருகிறது. அதைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: 512-இலிருந்து ரீடிங்கைக் கழித்து 100-ஆல் பெருக்கி, 1024-உடன் ரீடிங்கின் இரு மடங்கைக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் கடத்துதிறன் மைக்ரோசீமன்ஸ் அலகில் கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான். ரீடிங் 400 என்றால் 6.14, 401 என்றால் 6.08. ஒரு படிக்கே 0.06 போய்விடுகிறது. ஆய்வுகளில் எதிர்வினை என்று கணக்கில் எடுக்க வழக்கமாக வைக்கும் கீழ்வரம்போ 0.05. சின்னத் துடிப்புகள் படிகளுக்கு நடுவே காணாமல் போகும். மின்னழுத்தத்தை இன்னும் நுண்ணிய படிகளில் எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 போன்ற 16 பிட் மாற்றியைச் சேர்த்து, சூத்திரத்தையும் அதன் அளவுகோலுக்கு மாற்றினால் இது சரியாகும்.

உறைக்குள் இருப்பது உலர்ந்த நிக்கல் தகடு. நேரம் ஆக ஆக அளவு நகரும். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையும் 0.5% உப்புப் பசையும் எவ்வளவோ மேல். ஈசிஜி ஜெல் வேண்டாம். அதிலுள்ள கூடுதல் உப்பு அளவை ஏற்றிக் காட்டும். கையைச் சோப்பில்லாமல் வெறும் நீரில் கழுவி, மாட்டியபின் 5–10 நிமிடம் பொறுங்கள். தூண்டலுக்குப் பின் 1–3 விநாடிக்குள் தொடங்கும் ஏற்றம் மட்டுமே கணக்கு. இருமலும் ஆழ்ந்த மூச்சும்கூட அதே மாதிரி ஏற்றம் தரும், குறித்து வைத்து நீக்குங்கள்.

அகமுகர்களின் மூளை இயல்பிலேயே கூடுதல் கிளர்ச்சியில் இருக்கிறது என்றார் உளவியலாளர் ஐசென்க் (1967). ஓய்வுநிலை அளவுகளில் இது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. மிதமான ஒலிக்கு வரும் எதிர்வினையிலும், அதே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது அது தேயும் வேகத்திலும்தான் தேடிப்பார்க்க ஏதாவது உண்டு. அதனால் இருவரின் ஓய்வு அளவை அப்படியே ஒப்பிடாதீர்கள். தோல் தடிப்பு, வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை, அறை வெப்பம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓய்வில் குறைந்த அளவு, பலூன் வெடிக்கும்போது உச்ச அளவு என இரண்டையும் எடுத்து, மற்ற அளவுகளை அந்த இடைவெளியின் பங்காக மாற்றுங்கள். பலூனுக்கும் கோடு அசையாத சிலர் இருப்பார்கள். அவர்களை ‘அமைதியானவர்’ பட்டியலில் சேர்க்காமல் தனியே பதிவு செய்யுங்கள்.