தண்ணித் தாங்கி ஸ்டாண்டுக்கு இரும்போ அலுமினியமோ?

கனபேர் இதைத்தான் கேக்கினம். 1000 லீட்டர் தாங்கி நிரம்பினா தண்ணி மட்டுமே 1000 கிலோ, அது இரவு பகலா மேல நிக்கும் எண்டதை முதல்ல மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

பலம்
இரும்பு: சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் (ஒரு குறித்த பரப்பில எவ்வளவு விசை எண்டதுக்கான அளவு) வரை தாங்கும், அதுக்குப் பிறகுதான் யீல்ட் ஆகும், அதாவது பாரத்தை எடுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.
அலுமினியம்: 6061-டி6 எண்ட பலமான வகை எண்டா 276 மெகாபாஸ்கல், ஆனா ஜன்னலுக்கு வாற 6063-டி5 வகை 145 தான், ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், கவனம்.

யீல்ட் ஆகிற விதம்
இரும்புக்குத் தெளிவான ஒரு புள்ளி இருக்கு, அதைத் தாண்டினா இழுபட்டு வளையும், உடையிறதுக்கு முன்னமே கால் கோணினது கண்ணுக்குத் தெரிஞ்சிடும். அலுமினியத்துக்கு அப்பிடிப் புள்ளி இல்லை, 0.2 வீதம் நிரந்தரமா நீண்ட இடத்தை யீல்ட் எண்டு எடுக்கினம்.

வளைவு
ஒரே அளவுக் குழாய், ஒரே பாரம் எண்டா அலுமினியம் கிட்டத்தட்ட 3 மடங்கு கூட வளையும்.

வெல்டிங்
இதுதான் பெரிய விசயம். 6061-டி6ஐ ஒட்டினா ஒட்டுக்குப் பக்கத்தில பலம் பாதியளவுக்குக் குறைஞ்சிடும், மைல்ட் ஸ்டீலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

உப்புக்காத்து
குருநகர், பருத்தித்துறைக் கரையில இரும்பு கறள் பிடிக்கும், ஒட்டின மூலையில பெயின்ட் வெடிச்சு மண்ணிறமா வடியத் தொடங்கினா உடன சுரண்டிப் பூசோணும். அலுமினியம் கறள் பிடிக்காது, நிறையும் மூண்டில ஒரு பங்குதான், விலைதான் கூட.

என்னைக் கேட்டா தாங்கிக்கு கல்வனைஸ் பண்ணின (துத்தநாகம் பூசின) இரும்பு. கடற்கரை வீட்டு ஜன்னல், சின்னப் பந்தலுக்கு அலுமினியம், அதையும் ஒட்டாம போல்ட் போட்டுப் பூட்டுங்கோ.