செவரன்ஸ்: மூன்று முறை பார்த்தவளின் ஒரே புகார்

போன வாரம் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “செவரன்ஸ் தொடர் ஆரம்பிக்கலாமாடி? எம்மி எல்லாம் வாங்கியிருக்காமே?” 2025 செப்டம்பரில் அதில் நடிக்கும் பிரிட் லோவர், டிரமெல் டில்மன் இரண்டு பேருக்கும் அமெரிக்க டிவி விருதான எம்மி நடிப்புக்காகக் கிடைத்த பிறகு என்னிடம் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் அவள். பதில் தட்டத் தட்ட நீண்டுகொண்டே போனது. பாதியில் அழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். முக்கியமான முடிச்சு எதையும் அவிழ்க்க மாட்டேன்.

கதைக்கரு எல்லோருக்கும் தெரிந்ததுதான். லூமன் என்ற நிறுவனம் ஊழியர்களின் மூளையில் ஒரு சில்லு வைக்கிறது. லிஃப்டில் இறங்கினால் வீடு மறந்துவிடும், மாலையில் ஏறினால் அலுவலகம் மறந்துவிடும். உள்ளே இருப்பவர் இன்னி, வெளியே இருப்பவர் அவுட்டி. உடம்பு ஒன்று, ஆள் இரண்டு.

என் புகாரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சீசனின் கடைசி எபிசோட் 2022 ஏப்ரல் 8 அன்று வந்தது. கதாநாயகன் மார்க் ஒரே ஒரு வாக்கியத்தைக் கத்துகிறார், திரை கறுத்துவிடுகிறது. அதற்கு அடுத்த காட்சியைப் பார்க்க நான் 2025 ஜனவரி 17 வரை காத்திருந்தேன். முப்பத்து மூன்று மாதம்! அதற்குள் என் அக்கா பெண் பள்ளிக்கூடம் முடித்து கல்லூரிக்கே போய்விட்டாள்.

நியாயமாகவும் பேச வேண்டும். 2023 மே மாதம் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 148 நாள் நடந்தது. நடுவில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளிக்காக உழைப்பவனின் வாழ்க்கை யாருடையது என்று கேட்கும் தொடரின் ஆட்கள் கூலிக்காகப் போராடியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாட்களைக் கழித்தாலும் மீதி இரண்டு வருஷத்துக்கு மேல் வருகிறது. 2022 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரை மொத்தம் 19 எபிசோட். சின்னச் சின்ன விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் தொடர், அவற்றை மறக்கப் போதுமான அவகாசத்தையும் கொடுக்கிறது. என் கோபம் அதுதான்.

ஒரு உதாரணம். இர்விங் என்ற வயதான இன்னி வேலை மேசையில் கண்ணயர்கிறார். கறுப்புக் குழம்பு ஒன்று மேசைத் தடுப்பின் மேல் வழிந்து வருவதாக அவருக்குத் தெரிகிறது. பல எபிசோட் கழித்து அவருடைய அவுட்டியின் வீட்டுக்குள் போகிறோம். அந்த மனிதர் இரவெல்லாம் தூங்காமல் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயத்தில் வரைந்துகொண்டிருக்கிறார்: நீளமான இருட்டு நடைபாதை, முடிவில் ஒரு லிஃப்ட். வெளியில் இருப்பவரின் தூக்கமின்மை உள்ளே இருப்பவரின் கனவாகக் கசிகிறது. அதை யாரும் வாயால் சொல்வதில்லை, நாமே கோர்த்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு எபிசோட் என்று பார்க்கும்போது கோர்க்க முடிந்தது. மூன்று வருஷம் கழித்து இரண்டாவது சீசனில் இர்விங் வந்து நின்றபோது எனக்கு அந்தப் படமே ஞாபகம் இல்லை.

அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் ஒருவர் ஒரு சின்னப் பொய் சொல்கிறார். முதல் சீசன் நெஞ்சில் பசுமையாக இருந்த ரசிகர்கள் பலர் அதை அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். நான் பழையதைத் திருப்பிப் பார்க்காமல் நேரே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொய் என் கண் முன்னாலேயே தாண்டிப் போய்விட்டது. உண்மை வெடித்த வாரம் எல்லோரும் “அப்பவே தெரியும்” என்று எழுத, எனக்கு அழுகையே வந்தது. ஒரு நல்ல தொடரை முதல் முறை பார்க்கும் சுகம் ஒரு முறைதான். அதை இந்த இடைவெளி என்னிடமிருந்து பறித்துவிட்டது. அப்புறம்தான் முதலிலிருந்து இரண்டாம் முறை பார்த்தேன். விருதுகள் வந்த பிறகு, தம்பியோடு மூன்றாம் முறை.

மூன்றாம் முறையில்தான் மில்சிக் எனக்குப் பிடிபட்டார். டில்மன் நடிக்கும் மேலாளர் அவர். சிரித்துக்கொண்டே மிரட்டுபவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இரண்டாவது சீசனில் அவருக்கே பணி மதிப்பீடு நடக்கிறது. பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசுகிறாராம், காகிதக் கிளிப்பைத் தப்பாக மாட்டுகிறாராம். மனிதர் தனியாக உட்கார்ந்து கிளிப் மாட்டிப் பழகுகிறார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, தன் பாணியில் அழகாக அமைந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறார். நீளம் என்று குறைக்கிறார். இன்னும் குறைக்கிறார். கடைசியில் ஒற்றைச் சொல்தான் மிஞ்சுகிறது. அதை அவர் தன்னையே முறைத்துக்கொண்டு சொல்கிறார். தன் மொழியைத் தானே வெட்டிக்கொள்ளும் ஒரு மனிதனை இவ்வளவு பக்கத்தில் வைத்து நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த ஒரு காட்சிக்கே எம்மி தகும்.

நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். நாள் முழுக்க எண்கள். லூமனில் மார்க், இர்விங், ஹெல்லி உள்ளிட்ட நாலு பேரும் திரையில் மிதக்கும் எண்களைப் பார்த்து, ‘பயமாக’ இருக்கும் எண்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடுகிறார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இலக்கைத் தொட்டால் விரலில் மாட்டும் மூங்கில் விளையாட்டுப் பொருளோ வாஃபிள் விருந்தோ கிடைக்கும். அவர்களுடைய விசைப்பலகையில் எஸ்கேப் விசையே கிடையாது. இதைக் கவனித்த அன்று படத்தை நிறுத்தி தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் என்னை உலுக்கியது அலுவலகம் அல்ல. முதல் சீசனில் மார்க்கின் தங்கை பிரசவத்துக்குப் போன இடத்தில் வசதியான ஒரு பெண்ணைச் சந்திக்கிறாள். அந்தப் பெண் பிரசவ வலிக்கென்றே மூளையைப் பிரித்துக்கொண்டவள் என்று பிறகு புரிகிறது. அவளுக்கு வலி தெரியாது, குழந்தை மட்டும் கையில் வரும். சரி, வலித்தது யாருக்கு? வலிப்பதற்காக மட்டுமே கண் விழிக்கும் ஒருத்திக்கு. அவளுக்கு வேறு வாழ்க்கையே இல்லை. இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோட் இந்த எண்ணத்தை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. அங்கே பல் மருத்துவரின் நாற்காலியைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு இன்னி வருகிறாள். முந்தின கணம்தானே இங்கே இருந்தேன் என்று அவள் கலங்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அறிவியல் புனைவு செய்ய வேண்டிய வேலை இது. விண்கலமும் லேசர் துப்பாக்கியும் எனக்குத் தேவையில்லை.

நடக்கக்கூடிய காரியமா என்று தம்பி கேட்டான். இப்படி ஒரு சில்லு கிடையாது. ஆனால் எல்லா நினைவும் ஒரே பெட்டியில் இல்லை என்பது உண்மை. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் தக்கவைக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கொடுத்தார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. முன்னால் வரைந்த ஞாபகம் மட்டும் அவருக்கு இல்லவே இல்லை. தாயின் கண் என்ன நிறம் என்று தெரியாத ஹெல்லிக்குப் பேசவும் சண்டை போடவும் தெரிவது அதனால் எனக்கு வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

இரண்டாவது சீசனின் எட்டாவது எபிசோடைப் பலர் திட்டினார்கள். ஏழாவதில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களிடம், அடுத்த வாரம் கோபெல் என்ற ஒரே பாத்திரத்தோடு பனி படிந்த கடலோர ஊருக்கு வா என்றால் கோபம் வரத்தான் செய்யும். நானும் திட்டினேன். மூன்றாம் முறை, முந்தின எபிசோட் முடிந்ததும் கையோடு பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. ஆலை மூடிப்போய், ஈதர் என்ற பழைய மயக்க மருந்தின் வாசனையை முகர்ந்துகொண்டே நாளைக் கழிக்கும் ஜனங்களைக் காட்டிவிட்டு, இந்த நிறுவனம் எங்கிருந்து முளைத்தது என்று சொல்கிறார்கள். ஒரு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டிய எபிசோட் இல்லை அது, அவ்வளவுதான். எல்லாக் குறையும் கடைசியில் அந்தக் காத்திருப்பில்தான் வந்து நிற்கிறது.

அந்த சீசனின் கடைசி எபிசோடில் மார்க்கின் இரண்டு பாதிகளும் வீடியோ கேமராவில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். அவுட்டி பணிவாக, நட்பாக, உருக்கமாகப் பேசுகிறார். பேச்சுவாக்கில் ஹெல்லியின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுகிறார். இன்னி அதைப் பிடித்துக்கொள்கிறார். நீ உயிராக நினைப்பவளின் பெயர்கூட மேலே இருப்பவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆடம் ஸ்காட்டின் முகத்தில் அந்த நேரத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்வதைப் பாருங்கள்.

அதற்கப்புறம் மார்க் எடுக்கும் முடிவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் தகராறு ஓயவில்லை.

“உடம்பு அவுட்டியோடது, அக்கா. இன்னி வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது” என்கிறான் தம்பி.

“தினமும் எட்டு மணி நேரம் அந்த உடம்புல உழைச்சது யாருடா?” என்கிறேன் நான்.

பார்த்தவர்களும் இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். நான் இன்னி கட்சி. பிறக்கும்போதே கழுத்தில் அடையாள அட்டையோடு பிறந்தவனுக்கும் ‘நான்’ என்று சொல்ல உரிமை இருக்கிறது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தோழிக்கு நான் கொடுத்த பதில்: வேண்டாம். இப்போது ஆரம்பிக்காதே. மூன்றாவது சீசன் உண்டு என்று 2025 மார்ச்சில், இரண்டாவது முடிந்த கையோடு அறிவித்துவிட்டார்கள். முதல் தடவையும் இப்படித்தான் நம்பி உட்கார்ந்தேன். எனக்கு ஆனது அவளுக்கு ஆக வேண்டாம்.

உடனே போன் அடித்துவிட்டாள்.

“இவ்ளோ புகழ்ந்துட்டு வேண்டாம்னா எப்படி? முதல் சீசன் மட்டும் பாத்துட்டு நிறுத்திக்கட்டுமா?”

“ஒன்பதாவது எபிசோட் முடிஞ்சா நிறுத்த முடியாதுடி. தூங்கவும் முடியாது.”

“அப்போ எப்பதான் பாக்கறது?”

“மூணாவது முழுசா வரட்டும். அடுத்த சனிக்கிழமை காலையிலயே எங்க வீட்டுக்கு வந்துடு. முதல் காட்சில ஒருத்தி மேசை மேல கண் முழிக்கிறா. யாருன்னே தெரியாத குரல் அவகிட்ட அம்மாவோட கண் என்ன நிறம்னு கேக்குது. அப்போ நான் டிவியைப் பாக்க மாட்டேன். உன் முகத்தைத்தான் பாத்துட்டு இருப்பேன்.”