பாதியில் பிழை வந்தால்: நிற்பதா, தொடர்வதா?

நிரல் கோப்புகளிலிருந்து மென்பொருளைக் கட்டித் தரும் மேக் (make) கட்டளை, ஒரு கோப்பு கம்பைல் ஆகாவிட்டால் (கணினி இயக்கும் வடிவுக்கு மாறாவிட்டால்) அங்கேயே நின்றுவிடும். அடுத்த படி இதை நம்பித்தானே இருக்கிறது! எல்லாப் பிழைகளையும் ஒரே மூச்சில் பார்க்க 'கே' (-k) ஆப்ஷன் உண்டு. அப்போதும் உடைந்ததைச் சார்ந்தவற்றைத் தொடாது.

கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) வேறு ரகம். ஒரு கோப்பைப் படிக்க அனுமதி இல்லை என்பதற்காக மற்றவற்றை விடுவானேன்? சொல்லிவிட்டு மேலே போகும். எனக்குப் பிடித்தது: மூலத்தில் கோப்பைப் படிப்பதில் பிழை வந்தால், 'டெலிட்' (மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலும் அழி) கேட்டிருந்தாலும் சேருமிடத்தில் அழிப்பதை நிறுத்திவிடும்.

இப்படிச் சில கோப்புகள் விடுபட்டால், வேலை எப்படி முடிந்தது என்று ஆர்சிங்க் முடிவில் தரும் வெளியேறும் எண் 23. கடைசி வரியோ 'முந்தைய பிழைகளைப் பார்' என்பதோடு சரி. எந்தக் கோப்பு என்று நாம்தான் மேலே தேட வேண்டும். ஆர்சிங்க்கைத் தானாக ஓட்டும் பேக்கப் ஸ்கிரிப்டுகள் பல அந்த 23-ஐக் கண்டுகொள்வதே இல்லை. நகலெடுக்கும் வேலைக்கு என் ஓட்டு தொடர்வதற்கே, விடுபட்ட கோப்புகளின் பட்டியலைக் கடைசியில் தந்தால்.